கார்பெட்டுக்கும் ராத்திரி வேண்டும்

முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாளே, முப்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் காவலாக ஒன்பது வயதுப் பெண்ணாகிய என்னை அனுப்பி வைத்தார்கள். பல்லி விழுந்தால் அலறுகிற, பாத்ரூம் போக ஆள் கேட்கிற எனக்கு அப்படி ஒரு உத்தியோகம். இதற்குத் துணைக்குப் போவது என்று பெயர். வீட்டு ஆம்பளை ஊரில் இல்லையென்றால் அந்த வீட்டுப் பெண் தனியாகப் படுக்கக் கூடாது. கூட ஒரு உருப்படி வேண்டும். அந்த உருப்படிக்கு என்ன வயது, அதற்குப் பயம் உண்டா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

இங்கே ஊரில் இல்லாத ஆம்பளை என் மாமா, அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. ஏறினால் இறங்க மாதக்கணக்கில் ஆகும். ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு ஹாலும் சமையல்கட்டுமாக அவர் வீடு. அப்பா என்னை எர்ணாவூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் ஷிப்டுக்கு ஓடினார்.

ஹாலில் பாதியை ஒரு மீன்தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. குளத்து மீன் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், மணல், பாறை எல்லாம் போட்ட கடல் தொட்டி. வருஷத்தில் முக்கால்வாசி கடல்மேல் கிடக்கிற மனுஷன் வீட்டுக்கு வந்தும் கடலையே கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளங்காத கேள்வி. "அவனுக்கு அதுதான் மூத்த புள்ள, ரெண்டாவதுக்கு வழியக் காணோம்" என்று அம்மா முணுமுணுப்பாள். அத்தைக்குக் கேட்கிற தூரத்தில் சொல்ல மாட்டாள், அந்த அளவுக்கு அம்மாவுக்கு மரியாதை தெரியும்.

தொட்டிக்குப் புதிதாக வந்தது கார்பெட். கடல் சாமந்தி என்று ஒரு இனம் உண்டு. பெயரைக் கேட்டுப் பூ என்று நினைத்துவிட வேண்டாம், அது உயிர். அதில் தரையோடு தரையாக விரிந்து கிடக்கிற வகை இது. சாப்பாட்டுத் தட்டு அகலம், வெல்லப்பாகு நிறம், மேலெல்லாம் துவாலையின் நூல் மாதிரி குட்டை குட்டையாக விரல்கள். நடுவில் ஒரு வாய், அடியில் ஒட்டிக்கொள்ள ஒற்றைக் கால். கண் இல்லை, காது இல்லை, தலையே இல்லை. ஆனால் வாய் இருந்தது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் அதன்மேல் படுத்துப் புரண்டுகொண்டிருக்கும். வேறு மீன் பட்டால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் கதை.

கப்பல் ஏறுமுன் மாமா அத்தைக்கு வகுப்பு எடுத்திருந்தார். அத்தை எனக்கு அதை ஒப்பித்துக் காட்டினாள்.

"தண்ணி வத்துனா கேன் தண்ணிதான் ஊத்தணும், கடல் தண்ணி ஊத்தக் கூடாது. வத்தறது தண்ணி மட்டுந்தான், உப்பு உள்ளாறயே கீது. அப்பப்போ கொஞ்சம் தண்ணிய எட்த்துட்டு புதுக் கடல் தண்ணி மாத்தணும். வாரத்துல ரெண்டு நாளு எறா துண்டு. ஆனா அது காலப் புட்ச்சி இழுக்க மட்டும் கூடாது. பிஞ்சிச்சின்னா செத்துரும்."

அந்தப் புதுக் கடல் தண்ணீரைக் கொண்டுவருவது அத்தையின் அண்ணன். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்தார். கரையோரத் தண்ணீர் எண்ணெயும் கழிவுமாக இருக்குமென்று, தண்ணீர் நீலமாகிற தூரத்தில் கேன்களில் மொண்டு வருவார். கேன்களைப் படியேற்றி இறக்கும்போதெல்லாம் புலம்புவார். "நாங்கோ குடிக்கறதே கொயாய் தண்ணி. இந்த மகாராணிக்கு மட்டும் கேன் தண்ணியாம், நடுக்கடல் தண்ணியாம்."

அத்தை கடல்காரர் வீட்டுப் பெண். அவள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பளை கடலில் இருக்கிறவரை வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அவன் திரும்பி வாசலில் நின்ற பிறகு பெண்டாட்டி தன் கையால் அதைக் குளிர வைப்பாள். குளிர வைப்பது என்றுதான் சொல்ல வேண்டும், அணைப்பது என்று சொல்லிவிட்டால் அத்தை வாயிலேயே தட்டுவாள். நான் வாங்கியிருக்கிறேன்.

"திரும்பி வரலன்னா இன்னா பண்ணுவாங்க அத்தே?" என்று ஒருநாள் கேட்டேன்.

அத்தை இறால் உரித்துக்கொண்டே சொன்னாள். "எதுத்த வூட்ல ஒரு பெரிம்மா இருந்துச்சு. அது வெளக்க நான்தான் அணைச்சேன். அந்தப் பொம்பளையே செய்யக் கூடாது, சின்னப் புள்ளைங்களத்தான் செய்யச் சொல்வாங்கோ. ஜிலேபி குட்த்தாங்க எனக்கு."

அவளே அந்தக் கூடாத சொல்லைச் சொல்லிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஜிலேபியில் முடிந்ததால் அது நல்ல கதை என்றும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது மாடியில் எண்ணெய் விளக்கு நிற்காது. கடற்காற்று வந்து ஒரே ஊதில் ஊதிவிட்டுப் போகும். மாமா புறப்படும்போது தொட்டி விளக்கைக் காட்டிக் கிண்டல் செய்தாராம். "உன் வெளக்கு யாரு தும்முனாலும் போயிருது. இது போகாது, இத எரிய வுடு. எனக்கு அங்கேர்ந்தே தெரியும்." அவர் சொன்னது விளையாட்டு. நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு நிற்க, அந்த விளக்குக்கு டைமரையும் அவரேதான் மாட்டியிருந்தார். அத்தை விளையாட்டை வைத்துக்கொண்டு டைமரைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள். பிளக்கை நேரே சுவரில் செருகியதோடு சரி, அதன்பின் அந்த விளக்கு நிற்கவே இல்லை.

அது நீல விளக்கு. ஹாலில்தான் எங்கள் பாய். படுத்தால் அத்தையின் பல் நீலம், என் நகம் நீலம், சுவரில் மாட்டியிருந்த மாமாவின் கல்யாண போட்டோவில் அவர் சட்டை நீலம். கண்ணை மூடினாலும் இமைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் போனால் தெருவே இருண்டு கிடக்கும், இன்வெர்ட்டர் தயவில் எங்கள் ஜன்னல் மட்டும் எரியும். கீழே விளையாடுகிற பிள்ளைகள் அதற்கு நீலப்பேய் வூடு என்று பெயர் வைத்திருந்தார்கள். பேய் வீட்டிலிருந்து நான் கடைக்குப் போனால் வழிவிட்டு நின்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஒருநாள் அத்தை குளிக்கப் போயிருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறி, தண்ணீருக்குள் கையை விட்டு கார்பெட்டைத் தொட்டேன். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. கடிக்கவில்லை, குத்தவில்லை, ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஈரமான நாக்கு ஒன்று விரலைப் பற்றியிருப்பது போல இருந்தது. நான் உருவ உருவ அதன் ஓரம் கூடவே எழுந்து வந்தது. ஒருவழியாகக் கை வந்தபோது விரல் நுனி மரத்திருந்தது. அன்று முழுக்க அந்த விரலால் நான் எதையும் தொடவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து விடிந்து பார்த்தால் மணலில் கார்பெட் இல்லை. தேடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில், எங்கள் பாயைப் பார்த்தபடி, விரித்த கையை வைத்து அழுத்தினாற்போல ஒட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி நாங்கள் தூங்கும்போது அத்தனை தூரம் நகர்ந்து வந்திருக்கிறது. கண்ணே இல்லாத ஒன்றுக்கு நாங்கள் படுத்திருக்கிற பக்கம் எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே என் தலையணையைச் சமையல்கட்டுப் பக்கம் நகர்த்தினேன்.

முதல்முறையாக அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். வெளிறிய தோலில் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

"பொட்டு வெச்சிகினு வந்துக்கிது பாரு," என்றாள் அத்தை. அவள் குரலில் பயமில்லை, மருமகளைப் பார்த்த மாமியார் மாதிரி ஒரு திருப்தி.

அதை மாமாவுக்கு விற்ற கொளத்தூர்க் கடைக்காரருக்கு போனில் போட்டோ எடுத்து அனுப்பினோம். அவர் பேசி அனுப்பினார். "யக்கா, எனக்கு வந்தது மணல் வகைன்னுதான் வந்துச்சு. மணல் வகைக்கு அடியில சும்மா வெளுப்பாத்தான் இருக்கும். இப்டி செவப்புப் புள்ளி இருந்தா அது பாறை வகை. பாறை இடுக்குல கால வெச்சாத்தான் நிக்கும், இல்லாங்காட்டி எடம் தேடிகினே அலையும். மோட்டார் வாயில ஸ்பாஞ்ச கட்டி வையி, உள்ள போச்சுன்னா அரைச்சிரும். இழுக்காத. கண்ணாடிக்கு வெளிப்பக்கம், அது கால் ஒட்டிகினு கீற எடத்துல ஐஸ் வெச்சிப் புடி. தானா வுட்டுரும்."

காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம். அத்தையின் அண்ணன் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸில் ஒரு பாளத்தை உடைத்து அனுப்பினார், மீன் வாடையோடு. நான் துணியில் சுற்றிக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன். இந்தப் பக்கம் என் உள்ளங்கை, அந்தப் பக்கம் அதன் கால். நடுவில் கண்ணாடியும் குளிரும். கை விறைத்துப்போய் நான் அழப்போகிற சமயத்தில் அது மெல்லச் சுருங்கி, கண்ணாடியை விட்டுவிட்டு, மிதந்தது. அத்தை ஒரு கிண்ணத்தில் தாங்கி எடுத்துப் பாறை இடுக்கில் உட்கார வைத்தாள். காலை உள்ளே நுழைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. அன்று நாங்கள் இருவரும் ஒரு பிரசவம் பார்த்த மாதிரி களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். இந்தச் செய்தியைச் சொல்ல நாங்கள் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. சில கடல்களில் சிக்னல் கிடைக்காது என்று அத்தையே எனக்கு விளக்கம் சொன்னாள், நான் கேட்காமலே. பிறகு கம்பெனிக்கு போன் செய்தாள். தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்களாம். அதன்பின் அத்தை எந்த வேலை செய்தாலும் போனை இடுப்பில் செருகிக்கொண்டே செய்தாள்.

அந்த நாட்களில்தான் கார்பெட் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஓரம், பிறகு உள்ளே. வெல்லப்பாகு நிறம் போய்ப் பால் நிறம் வந்து, கடைசியில் இட்லி மாதிரி சுத்த வெள்ளை. நீல வெளிச்சத்தில் அது தானே எரிவது போலிருந்தது. அடியில் மடங்கித் தெரிகிற ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து வாய் பிளந்தார்கள். வெள்ளைத் தாமரை மாதிரி இருக்கிறது, வீட்டுக்கு நல்லது என்றார்கள். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு தொட்டி மூடிமேல் ஒரு ரோஜாவை வைத்துவிட்டுப் போனாள். அத்தைக்கு முகம் மலர்ந்தது. "உங்க மாமா வந்தா அசந்துருவாரு," என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் அதன் வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் நூலாக ஏதோ வழிந்து நிற்கும். தொட்டியில் சின்ன நீல மீன் ஒன்று இருந்தது, ஒருநாள் அதைக் காணவில்லை. வாய் முன்பெல்லாம் மூடிக் கிடக்கும், இப்போது எந்நேரமும் திறந்தே கிடந்தது. அத்தை தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து மாமாவைப் பற்றிப் பேசுவாள், அது வாயைத் திறந்துகொண்டு கேட்கும். அது ஏதோ சொல்ல வருகிறது, இன்னும் கொஞ்சம் திறந்தால் சொல்லிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. சொல்லுமுன் நான் தூங்கிவிட வேண்டுமே என்று போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்வேன். போர்வைக்குள்ளும் நீலம்தான்.

கடைசியில் நான்தான் இன்னொரு போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அவர் குரல் உயர்ந்திருந்தது.

"யக்கா, வெள்ளையா கீது, அழகா கீதுன்னு எவனாவது சொன்னா நம்பாத. அது பட்டினி. அது ஒடம்புக்குள்ள பாசி கீது, அதுதான் அதுக்கு சோறு போடுது. ராப்பகலா லைட்டு எரியவுட்டா பாசியெல்லாம் கயண்டு வெளிய வந்துரும். வாயி பொளந்துகினு கீது பாரு, இனிமே தாங்காது. செத்துச்சின்னா தொட்டி மொத்தமும் நாறிப் போயிரும். மொதல்ல லைட்ட அணை. அதுக்கும் ராத்திரி வேணும்க்கா."

அத்தை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எழுந்துபோய் சுவிட்சில் கை வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"வேற லைட் ஏத்தி வைக்கலாமே அத்தே," என்றேன்.

"ஏத்துன வெளக்க எடம் மாத்தக் கூடாது கண்ணு. இதத்தான் எரியவுடச் சொன்னாரு. இதத்தான் பாத்துகினு வருவாரு."

"அப்ப கார்பெட் செத்துருமே. மாமா வந்து கேட்டா?"

விளக்கு நின்றால் மாமாவுக்கு ஆகாது, நிற்காவிட்டால் மாமா உயிராக வளர்க்கிறது செத்துவிடும். இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிக்கொண்டு, அவள் தன் பழைய புடவை ஒன்றை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். விளக்கு உள்ளேயே இருந்ததால் கார்பெட்டுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. எங்களுக்குத்தான் புடவையின் பூக்கள் சுவரெல்லாம் நிழலாக ஆடின. நான் கெஞ்சினேன், அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள், சுவிட்ச் பக்கம் போகவில்லை.

அந்த போன் ஒரு மதியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அத்தை கார்பெட்டுக்காக இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கீழே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "ம்... சொல்லுங்க... ம்... ம்..." என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மறுபடி இறாலின் முன் உட்கார்ந்தாள்.

"மாமாவா அத்தே?"

"கம்பெனிலேர்ந்து."

"இன்னா சொன்னாங்க?"

"தகவல் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு, மிச்ச இறாலையும் நறுக்கி முடித்தாள்.

சாயங்காலம் தலைக்குக் குளித்தாள். பீரோவிலிருந்து மாமா வாங்கித் தந்த மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள். கடைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்து தலை நிறைய வைத்துக்கொண்டாள். வழக்கமாக ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட்டு, குங்குமத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அவ்வளவு அழகாக அத்தையை நான் பார்த்ததே இல்லை. மாமா வரப்போகிறார் என்றுதான் தகவல் வந்திருக்கிறது என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. வீடுகளில் விளக்கேற்றுகிற நேரம். அத்தை தொட்டியைச் சுற்றியிருந்த புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்த லைட்ட அணைச்சிரு."

"நெசமாவா அத்தே?"

"அதுக்கும் ராத்திரி வேணும்ல?"

அவள் மனம் மாறுவதற்குள் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினேன். அந்த நீலம் பட்டென்று போய்விட்டது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வடக்கு ஜன்னலில் தூரத்து ஆலைப் புகைபோக்கியின் தீ லேசாகச் சிவந்து தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் கார்பெட்டின் ஓரங்கள் மெதுவாக உள்ளே மடிவதைப் பார்த்தேன். தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் அத்தை ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தாள். சூடாக, பிசுபிசுவென்று, ஜிலேபி. நான் ஜெயித்ததற்குப் பரிசு என்று நினைத்து எல்லாவற்றையும் தின்றேன். அத்தை ஒன்றுகூட எடுக்கவில்லை.

அன்று ராத்திரி அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். கார்பெட் என் விரலைப் பிடித்த மாதிரியே விடாத பிடி. ஆனால் எனக்கு அன்று பயமே இல்லை. இருட்டு அவ்வளவு இதமாக இருக்கும் என்று அந்த வீட்டில் முதல்முறையாகத் தெரிந்துகொண்டு, அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன். துணைக்கு வந்தவள் துணையாக இருந்தது அந்த ஒரு ராத்திரிதான், அதையும் தூங்கியே கழித்தேன்.

கார்பெட் பிழைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். டைமர் மறுபடி சுவருக்கு வந்தது, அத்தை இறாலை மணி மணியாக நறுக்கி ஊட்டினாள், மாதங்கள் கழித்து வெல்லப்பாகு நிறம் நடுவிலிருந்து ஓரம்வரை திரும்பி வந்தது. இப்போதும் அத்தையிடம்தான் இருக்கிறது. தட்டு அகலம் போய்த் தாம்பாள அகலம் ஆகிவிட்டது.

கம்பெனி மதியமே சொல்லிவிட்ட செய்தியை, அத்தை விடியற்காலையில்தான் எங்கள் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு ராத்திரியைப் பூவோடும் பொட்டோடும் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாள். நான் கண் விழித்தபோது கீழே படிக்கட்டில் அம்மாவின் அழுகை கேட்டது. வார்த்தையே இல்லாத, அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகை. அப்பா அவளைத் தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். கார்பெட் விஷயத்தை அம்மாவிடம் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்தேன்.

"அழுவாதம்மா, ஒண்ணும் ஆவாது, அது பொழைச்சிக்கும். நேத்தே நான் லைட்ட அணைச்சிட்டேன்."